குட்டைக்குத் தார்ப்பாய் விரிச்ச ஊரு

ஒரு ஊர்ல ஒரு கோவக்காரி இருந்தா. பேரு நாச்சாத்தா. கோவக்காரின்னா சும்மா கோவக்காரி இல்ல. பால் பொங்கி வழிஞ்சா முதல்ல அடுப்பை வைவா, அப்புறம் பாலை வைவா, அப்புறம் பாத்துக்காம நின்ன தன்னையே வைவா. அவ புருசன் லாரி ஓட்டறவன். மாசத்துக்கு ஒருக்கா வருவான். வந்தன்னைக்குப் பிரியமா இருப்பான், மறுநாளு அவ வாய்க்குப் பயந்துட்டு விடியறதுக்குள்ள வண்டியேறிருவான்.

நாச்சாத்தாளுக்கு ஒரு துண்டு வெள்ளாமைக் காடு. காட்டுக்கு நடுவால ஒரு கெணறு. அப்புறம் மூணு எருமை. அவ்வளவுதான் அவ சொத்து. ம் சொல்லு, கண்ணு. நீ ம் சொன்னாத்தான் கதை நகரும்.

"ம்."

அந்த ஊருக்கு மேக்கால, மேட்டுல, ஒரு குட்டை. மழை பேஞ்சா காட்டுத் தண்ணியெல்லாம் சலசலன்னு ஓடியாந்து அதுல விழும். குட்டை தளும்பும். அப்புறம் நாளாக ஆகக் கொறையும், கொறையும், ஒரு நாளைக்குப் போய்ப் பாத்தா வெறும் சேறு, அதுல நாலு கொக்கு. தண்ணி எங்கடா போச்சுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. மேல குட்டை வத்தும். கீழ அத்தனை கெணத்துலயும் தண்ணி கெடக்கும். மோட்டார் ஓடும். மஞ்சள் வெளையும், வெங்காயம் வெளையும். இது ரெண்டையும் சேத்துப் பாக்க அந்த ஊர்ல யாருக்கும் தோணலை. தோணியிருந்தா இந்தக் கதையே இல்ல.

அப்போ அந்த ஊர்ல வாரணவாசின்னு ஒருத்தர். பெரியதோட்டத்துக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வாயைத் தொறந்தா வெல்லப்பாகு. அவருக்குக் குட்டையில மீன் வளக்கோணும்னு ஆசை. வத்தற குட்டையில மீன் எப்படி வளரும்? என்ன பண்ணுனாரு தெரியுமா, ஊரைக் கூட்டுனாரு.

"ஏனுங்க, வருசா வருசம் இத்தனை தண்ணி மண்ணுக்குள்ள போயி வீணாப் போகுதே, உங்களுக்கெல்லாம் வெசனமாவே இல்லீங்களா? அடியில தார்ப்பாய் விரிச்சுட்டா ஒரு சொட்டு எறங்காது. செலவு என்னோடது. மீனை மட்டும் நான் புடிச்சுக்கறேன். தண்ணி பூராவும் ஊருக்கு!"

ஊரே கை தட்டுச்சு. பட பட படன்னு. இப்படி ஒரு மனுசன் நம்ம ஊர்ல பொறந்திருக்கறாரேன்னு கண்ணுல தண்ணி வெச்சவங்களும் உண்டு. அப்புறம் லாரியில கறுப்புத் தார்ப்பாய் வந்து எறங்குச்சு, எருமைத்தோல் மாதிரி தடியா. ஆம்பளைக வெறுங்குட்டையில எறங்கி, கல்யாண வீட்டுல பாய் விரிக்கற மாதிரி விரிச்சு, சூடு வெச்சு ஒட்டி, ஓரத்துக்கெல்லாம் கல்லு வெச்சாங்க. பொம்பளைக ஆரத்தி எடுத்தாங்க. எல்லாத்துலயும் பெரிய தட்டு யாரு தட்டு?

"யாரு?"

நாச்சாத்தா தட்டுத்தான்.

அப்புறம் மழை பேஞ்சுச்சு. குட்டை நெறஞ்சுச்சு. வத்தவே இல்ல. வெயில் காலத்துலயும் கண்ணாடியாட்டம் பளபளன்னு கெடந்துச்சு. பக்கத்து ஊர்க்காரங்க வந்து பாத்துட்டு வயிறெரிஞ்சு போனாங்க. தார்ப்பாய் கிழியுமின்னு ஆடு மாடு எறங்கப்படாதுன்னுட்டாரு வாரணவாசி. அதுவும் சரிதான்னுச்சு ஊரு.

அப்போ கீழ, நாச்சாத்தா கெணத்துல, தண்ணி ஒரு படி எறங்குச்சு. அப்புறம் இன்னொரு படி. அப்புறம் மோட்டாரைப் போட்டா குழாயில தண்ணிக்குப் பதுலா "புஸ்ஸு... புஸ்ஸு..."ன்னு வெறுங்காத்து. அவ கெணறு மட்டுமில்ல, ஒவ்வொரு கெணறாப் போச்சு. பெரியதோட்டத்துக் கெணறும் போச்சு. ஆனா வாரணவாசிக்கு ஆழமா ஒரு போர்க் குழாய் இருந்துச்சு, அவரு அசையலை.

வாரணவாசி வந்தாரு. கெணத்து மேட்டுல நின்னு எட்டிப் பாத்தாரு.

"தண்ணியில்லாத காட்டை வெச்சுட்டு என்ன அம்மிணி பண்ணப்போற? பேசாம எனக்கே குடுத்துரு."

"வெட்டுனா வரும்"னா நாச்சாத்தா.

மொத எருமையை வித்தா. கெணத்தை ஆழப்படுத்த ஆள் கூட்டியாந்தா. பாறையில குழி போட்டு வெடி வெச்சாங்க. எல்லாரும் தள்ளிப் போயி மரத்துக்குப் பொறவுக்கு நின்னுட்டாங்க. டமார்! கல்லு மேல வந்துச்சு. இன்னொருக்கா, டமார்! காக்காயெல்லாம் கத்திட்டு ஓடுச்சு. அடியில கலங்கலா, குழம்பாட்டம் கொஞ்சம் தண்ணி ஊறுச்சு. நாச்சாத்தா அதைக் கையில அள்ளி மூஞ்சியில தேச்சுக்கிட்டா. மூஞ்சி பூராவும் சேறு. ஒரு வாரம் ஊறுச்சு. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு.

திரும்பவும் வாரணவாசி வந்தாரு. "எனக்கே குடுத்துரு அம்மிணி. வெலை கொறைச்சுப் பேசமாட்டேன்."

"சைடு போர் போட்டா வரும். போங்க, வெயில்ல நிக்காதீங்க, வேட்டி கருத்துப் போயிரும்."

ரெண்டாவது எருமையை வித்தா. சைடு போருன்னா என்னன்னு தெரியுமா, கண்ணு? கெணத்துக்குள்ள மிசினை எறக்கி, செவுத்துல படுக்கைவாட்டுல ஒரு நீளத் தொளை போடறது. அக்கம்பக்கத்துல இருக்கற ஊத்து அந்தத் தொளை வழியா நம்ம கெணத்துக்கு வந்துரும். அக்கம்பக்கத்துல யாரு ஊத்துன்னெல்லாம் மிசின் கேக்காது.

மிசின்காரன் கேட்டான், "எந்தப் பக்கம் போடட்டுமுங்கக்கா?"

நாச்சாத்தா கெழக்கால கையைக் காட்டுனா. கெழக்கால யாரு காடு? தெய்வானை காடு. அவ நாச்சாத்தாளுக்கு ஓரகத்தி, புருசனோட அண்ணன் சம்சாரம். பாகம் பிரிச்ச அன்னையிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கெடையாது. வரப்புல எதிர வந்தாக்கூட ஒருத்தி ஆகாசத்தைப் பாப்பா, ஒருத்தி கால் வெரலைப் பாப்பா.

"அவ கெணத்துல தண்ணி கெடக்கும். வாயிலதான் இல்ல இல்லைம்பா. அந்தப் பக்கமே போடு."

கிர்ர்ர்ர்ர்... போட்டாங்க. குழாய் மேல குழாய் கோத்துக் கோத்துப் போட்டாங்க. வெறும் கல்லுப்பொடிதான் வந்துச்சு. கிர்ர்ர்ர்... அப்போ டொப்புன்னு ஒரு சத்தம். குழாய் வழுக்கிட்டு முன்னால போயிருச்சு. மிசின்காரன் குழாயை உருவிட்டு முழிக்கறான். நாச்சாத்தா கயித்தைப் புடிச்சுக் கெணத்துக்குள்ள எறங்கி, தொளையில காதை வெச்சா. தண்ணிச் சத்தம் கேக்குமின்னு.

தொளைக்குள்ளிருந்து ஒரு கொரல் வந்துச்சு. "எவ அவ? என்ற கெணத்துச் செவுத்துல ஓட்டை போடறவ எவ?"

தெய்வானை!

"நாந்தான்க்கா. நீங்க கெணத்துக்குள்ள என்ன பண்றீங்க?"

"நானும் சைடு போருக்கு ஆளைக் கூட்டியாந்திருக்கறேன். எடம் காட்டிட்டு நிக்கறேன்."

"எந்தப் பக்கம் காட்டுனீங்க?"

 தொளைக்குள்ள தொண்டையைச் செருமற சத்தம்.

"உம்பட பக்கந்தான்."

"அடப்பாவி அக்கா! என்ற தண்ணியைத் திருடவா?"

"நீ மட்டும் எனக்குச் சீர் கொண்டாறதுக்கா தொளை போட்ட?"

நாச்சாத்தா கொரலு எறங்குச்சு. அவ கொரலு எறங்குனது அவ பொறந்ததுல அதுதான் மொதத் தடவை. அப்புறம் மெல்லக் கேட்டா, "அங்க தண்ணி கெடக்குதாக்கா?"

"இங்க ஒரு தேளு கெடக்குது. அங்க?"

"இங்க அதுவும் இல்ல."

அப்போ தெய்வானை சிரிச்சா. காஞ்ச கெணத்துக்குள்ள நின்னுட்டு கடகடன்னு சிரிச்சா. இவளும் சிரிச்சா. பாகம் பிரிச்சதுக்கு அப்புறம் ரெண்டு பேரும் மொதல்ல பேசிக்கிட்டது அந்தத் தொளை வழியாத்தான். ம் சொல்லு.

"ம்... தேளு கடிச்சுதா?"

கடிக்கலை. தேளுக்கே பயம், ரெண்டு கோவக்காரியைப் பாத்து.

அப்புறம் ரெண்டு பேரும் சேந்தாங்க. புதுப் போர் போடறதுக்குக் காதுல கழுத்துல கெடந்ததைக் கழட்டி வித்தாங்க. நீரோட்டம் பாக்கறவரு வந்தாரு. உள்ளங்கையில தேங்காயை வெச்சுட்டு காடு பூராவும் நடந்தாரு. ஒரு எடத்துல தேங்காய் எந்திரிச்சு நின்னுச்சு. "இங்க போடுங்க தாயி, குதிக்கும்"னாரு. போர் லாரி வந்துச்சு. டடடடடடன்னு பூமியே ஆடுச்சு. வூட்டுல தட்டமெல்லாம் கலகலன்னு கீழ விழுந்துச்சு. இருநூறு அடி, புழுதி. ஐநூறு அடி, புழுதி. ஆயிரம் அடி போயும் அதே வெள்ளைப் புழுதி, புஸ்ஸுன்னு மாவு மில்லாட்டம். லாரி போனதுக்கப்புறம் ஓரகத்திக ரெண்டு பேரும் தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளையா, பேயாட்டம் நின்னாங்க. தேங்காய்க்காரர் எப்பப் போனாருன்னே தெரியலை.

மூணாவது தடவையும் வாரணவாசி வந்தாரு. இப்ப வெல்லப்பாகு கொஞ்சம் கெட்டியாயிருச்சு.

"அமாவாசைக்குள்ள சொல்லிரு அம்மிணி. அதுக்கப்புறம் நீயா வந்து காலைப் புடிச்சாலும் அந்தக் கரட்டை நான் வாங்கமாட்டேன்."

நாச்சாத்தா கையில இருந்த சொம்பை ஓங்கிக் கீழ போட்டா. ணங்! அவ்வளவுதான். அன்னைக்கு அவ சோறு திங்கலை. குடுத்துட்டு டவுனுக்குப் போயி பனியன் கம்பெனியில நூலு பிரிக்கறதா, இல்ல மொட்டைக் காட்டுல நின்னு வானத்தைப் பாக்கறதா? அவளுக்கு யாரை வையறதுன்னு தெரியலை. மழையை வைய முடியாது, மழை பேஞ்சுதான இருந்துச்சு. யாரை வையறதுன்னு தெரியாத கோவம் இருக்குது பாரு, அது வயித்துக்குள்ளயே கெடந்து கொடலைத் திங்கும்.

மிச்சமிருந்தது ஒரே எருமை. பேரு மொட்டைக்கொம்பி. அதுக்குத் தாகம். ஒரு நாள் மத்தியானம் கயித்தை அத்துக்கிட்டு, தபதபதபன்னு மேட்டுக்கு ஓடிருச்சு. குட்டையைப் பாத்துச்சு. எறங்கப்படாதுன்னு எருமைக்கு யாரு சொன்னது? தொபுக்கடீர்! எறங்கிருச்சு. எறங்குன எருமை வழுவழுத் தார்ப்பாயில வழுக்குச்சு. எந்திரிக்கக் குளம்பை ஊனுச்சு. சர்ர்ர்!

நாச்சாத்தா போயிப் பாக்கறதுக்குள்ள மொட்டைக்கொம்பி பெரியதோட்டத்துத் தென்னை மரத்துல கட்டிக் கெடக்குது. வாரணவாசி கையில ஒரு துண்டுத் தார்ப்பாயும் ஒரு டப்பா தாரும்.

"உம்பட எருமை கிழிச்ச ஓட்டை. நீயே எறங்கி அடைச்சுட்டு எருமையை ஓட்டிட்டுப் போ. இல்லையா, எருமையோட சேத்துக் காட்டையும் உட்டுட்டுப் போ."

சேலையைத் தூக்கிச் சொருவிட்டு, தாரு டப்பாவை வாங்கிட்டு எறங்குனா. முழங்கால் தண்ணி. வெயில்ல வெதுவெதுன்னு, எண்ணெய் மாதிரி. மீனெல்லாம் காலை ஒரசிட்டு ஓடுது. ஓட்டை எங்கன்னு காலால தடவுனா, தடவுனா. ஒரு எடத்துல கால் கட்டைவெரலு உள்ள போச்சு.

போன வெரலை யாரோ சப்புனாங்க.

"பாம்பா?"

பாம்பு இல்ல, சாமி. பச்சைக் குழந்தை வெரலைச் சப்புமில்ல, பசியில, விடாம? அந்த மாதிரி. ஓட்டைக்குக் கீழ மண்ணு. அந்த மண்ணு தண்ணியைக் குடிக்குது. கொளக்... கொளக்... கொளக். வெரலைச் சுத்தித் தண்ணி சுழிச்சுட்டுக் கீழ போகுது. நாச்சாத்தா அப்படியே நின்னுட்டா. வெடி வெச்சப்ப வராத தண்ணி, தேங்காய் எந்திரிச்சு நின்னப்ப வராத தண்ணி, இதா, கால் வெரலுக்கடியில போயிட்டிருக்குது.

கரையில நிக்கறவரைப் பாத்தா. "ஏனுங்க, இந்தத் தண்ணி எங்க போகுது?"

"மண்ணுக்குள்ள போகுது. வீணாப் போகுது. பேசிட்டு நிக்காம அடை."

"மண்ணுக்குள்ள போயி?"

"கீழ போகும்."

"கீழ யாரு இருக்கறா?"



"கீழ நாங்கதான இருக்கறோம்!" கத்துனா நாச்சாத்தா. அந்தக் கத்துக்குக் கரையில இருந்த கொக்கெல்லாம் எந்திரிச்சுருச்சு. "கீழ இருக்கறது என்ற கெணறு! தெய்வானை கெணறு! ஊருக் கெணறு! வீணாப் போகுது வீணாப் போகுதுன்னு சொல்லி எங்க வாயை அடைச்சுட்டு, அந்த அடைப்புக்கு என்னையவே ஆரத்தி எடுக்க வெச்சியே, பாவி!"

இத்தனை வருசம் வாங்க போங்கன்னு பேசுன வாயி அது. அன்னைக்கு மாறுச்சு. இனிமே நானும் அவனை அவரு இவருன்னு சொல்றதை நிறுத்திக்கறேன்.

அவன் தெரிஞ்சே செஞ்சானா, தெரியாமச் செஞ்சானான்னு ஊர்ல இன்னும் பேசிக்கறாங்க. விரிக்கறப்பத் தெரியாம இருந்திருக்கலாம். சரின்னு உடு. ஊரே கெணறு வத்தி நிக்கறப்ப, தன்னோட கெணறும் வத்துனப்பத் தெரிஞ்சிருக்குமில்ல? தெரிஞ்சதுக்கப்புறம் வந்து காட்டைக் கேட்டான் பாரு. மூணு தடவை கேட்டான் பாரு. அதை நெனச்சா எனக்கு இப்பவும் பல்லு நறநறங்குது.

நாச்சாத்தா தாரு டப்பாவைத் தூக்கி எறிஞ்சா. இடுப்புல இருந்த புல்லறுக்கற அருவாளை எடுத்தா. குனிஞ்சா. சர்ர்ர்ர்ர்ர்! ஒரு இழுப்பு. நாலு எட்டு நகந்து, சர்ர்ர்ர்ர்ர்! இன்னொரு இழுப்பு. அவன் கரையில குதிக்கறான், "அய்யோ என்ற மீனு! என்ற மீனு!"ங்கறான். சத்தம் கேட்டு ஊரே ஓடியாந்துச்சு. "பைத்தியம் புடிச்சிருச்சாடி உனக்கு?"ன்னாங்க. ஒருத்தரும் தண்ணியில எறங்கலை. தெய்வானை மட்டும் செருப்பைக் கழட்டி வெச்சுட்டு எறங்குனா. "அருவாளை இப்படிக் குடு. நீ ஏற்கெனவே கெழக்கால இழுத்துட்ட, நான் மேக்கால இழுக்கறேன்"னா. சர்ர்ர்ர்ர்ர்!

அப்புறம் ரெண்டு பேரும் போயி மொட்டைக்கொம்பியை அவுத்துட்டு வூட்டுக்குப் போயிட்டாங்க.

குட்டை எறங்குச்சு. ஒரு வாரத்துல சேறு தெரிஞ்சுச்சு. வாரணவாசி மீனையெல்லாம் அண்டாவுல அள்ளிட்டுப் போயி, தன்னோட தோட்டத்துலயே ஒரு பள்ளம் தோண்டி, தார்ப்பாய் விரிச்சு உட்டான். அப்போ எல்லாக் கெணத்துலயும் தண்ணி வந்திருக்குமில்ல? நீ என்ன நெனைக்கற?

"வந்திருச்சு!"

வரலை, கண்ணு. ஒரு கெணத்துலயும் வரலை. வருசக்கணக்காப் பட்டினி கெடந்த மண்ணு. மொதல்ல அது குடிக்கோணுமில்ல? அது குடிச்சுட்டே இருந்துச்சு. ஊருக்கு அது தெரியுமா? குட்டையும் போச்சு, கெணறும் இல்ல. அப்போ ஊரு நாச்சாத்தா வாசல்ல வந்து நின்னு காலிக் கொடத்தைக் கவுத்து வெச்சுட்டுப் போச்சு. ஒரு கொடம், ரெண்டு கொடம், வாசல் பூராவும் கொடம். கடைக்காரன் அவளைப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டான். அப்புறம் ஒரு கெழவன் வந்து மூஞ்சிக்கு நேராக் காறித் துப்புனான். அவ துடைச்சுக்கிட்டா. கெணத்து மேட்டுல போயி உக்காந்துக்கிட்டு உள்ளயே பாத்துட்டிருந்தா. காட்டை மட்டும் குடுக்கலை.

அப்புறம் கோடை மழை பேஞ்சுச்சு. சடசடசடன்னு. குட்டை நெறஞ்சுச்சு, ரெண்டே நாள்ல வத்துச்சு. திரும்பப் பேஞ்சுச்சு, திரும்ப வத்துச்சு. அப்போ ஒரு விடியக்காலம் ஊரே ஒரு சத்தம் கேட்டு எந்திரிச்சுச்சு. என்ன சத்தம்?

"..."

தூங்கிட்டியா? டுர்ர்ர்ர்ர்ர்ருன்னு மோட்டார்ச் சத்தம். யாரு மோட்டாரு? வாரணவாசி மோட்டாரு! அவன் தோட்டம் பள்ளத்துல இருந்துச்சு. அதனால தண்ணி மொதல்ல அவன் பழைய கெணத்துக்கே வந்துச்சு. தண்ணிக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது, பள்ளந்தான் தெரியும். அவன் போரை உட்டுட்டு அந்தக் கெணத்துல மோட்டாரைப் போட்டு, உர்ருன்னு உறிஞ்சி, தார்ப்பாய் விரிச்ச புதுப் பள்ளத்துக்கு உட்டுட்டிருக்கறான். மீனுக்கு!

நாச்சாத்தா கெணத்தைப் பாத்தா. அடியில கல்லு நனைஞ்சிருக்குது. அவ்வளவுதான், நனைஞ்சுதான் இருக்குது. அங்க அவன் உறிஞ்ச உறிஞ்ச இங்க ஈரங்கூட நிக்காதுன்னு அவளுக்குப் புரிஞ்சுபோச்சு.

விடுவிடுன்னு நடந்தா. தலைகூட முடியலை. பெரியதோட்டத்து மோட்டார் ரூமுக்குள்ள போனா. சுவுச்சை அடிச்சா, மோட்டார் உம்முன்னு நின்னுச்சு. மோட்டாருக்குக் கரண்டு குடுக்கற பீஸ் கட்டையை ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு டக் டக் டக்குன்னு புடுங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. வாரணவாசி பல்லு வெளக்கிட்டே ஓடியாறான், வாயெல்லாம் நொரை.

"என்ற தோட்டம்! என்ற கெணறு! என்ற மோட்டாரு!"

"கெணறு உன்றது. தண்ணி குட்டையிலிருந்து வருது. ஊர்ல எல்லாக் கெணத்துலயும் வாளி முழுகோணும். அது வரைக்கும் ஒரு மோட்டாரும் ஓடாது. என்ற மோட்டாரும் ஓடாது."

"போலீசுல சொல்லுவேன்!"

"சொல்லு. தார்ப்பாய்க் கதையிலிருந்து சொல்லு."

அவன் டவுனுக்குப் போயி வேற பீஸ் வாங்கியாந்தான். அதையும் போயிப் புடுங்குனா. திரும்ப வாங்கியாந்தான். அதைத் தெய்வானை போயிப் புடுங்குனா. மூணாவது தடவை வாங்கியாந்து மாட்டுனான் பாரு, அப்போ மோட்டார் ரூம் வாசல்ல நாச்சாத்தாளும் இல்ல, தெய்வானையும் இல்ல. கொடத்தைக் கவுத்து வெச்சுட்டுப் போனாங்களே, அத்தனை பொம்பளைகளும் நின்னாங்க. காறித் துப்புன கெழவனும் நின்னான், பின்னால. அப்புறம் வந்து சேந்த நாச்சாத்தா அவனை ஒரு பார்வை பாத்தா.

"ம்... அப்புறம் பீஸைக் குடுத்துட்டாளா?"

மழைக்காலம் முடியறப்ப எல்லாக் கெணத்துலயும் வாளி முழுகுச்சு. அப்பக் குடுத்தா.

"அவ கோவம் போயிருச்சா?"

எப்படிப் போகும்? வித்த எருமை வந்துச்சா, கழட்டுன தோடு வந்துச்சா? ஆயிரம் அடிக்குப் போட்ட ஓட்டை அப்படியேதான இருக்குது. அவ வருசா வருசம், மழைக்கு முன்னால, அருவாளை எடுத்துட்டுக் குட்டையைச் சுத்தி ஒரு நடை போவா. எங்கயாச்சும் கறுப்பா ஏதாச்சும் தெரியுதான்னு பாக்க. அந்த நடை போறப்ப யாரும் அவளுக்கு எதிர்ல வரமாட்டாங்க.

கதை வத்திப் போச்சு. உனக்குக் கண்ணுல தூக்கம் நெறஞ்சு போச்சு. தூங்கு, சாமி, தூங்கு.